எழுபதுகளின் டர்ன்டேபிள்கள்: வாங்குமுன் கேட்கப்படும் கேள்விகள்

எழுபதுகளில் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் தயாரான டர்ன்டேபிள்களைத் தேடி வாங்கி, பிரித்துச் சுத்தம் செய்து, ஓடும் நிலைக்குக் கொண்டுவந்து சென்னையிலிருந்து விற்கிறோம். ரெக்கார்டு சேர்ப்பவர்கள் போனில் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே ஒரே இடத்தில் எழுதியிருக்கிறோம். எங்களிடம் வாங்கினாலும் சரி, வேறு யாரிடம் வாங்கினாலும் சரி, பளபளப்பைப் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள். தட்டு சுற்றும் பேரிங், ஊசியைத் தாங்கும் ஆர்ம், மோட்டார் மூன்றையும் பார்த்துக் கொடுங்கள். கீழே உள்ள பதில்களில் பாதி அதைப் பற்றியதுதான்.

ஏன் குறிப்பாக எழுபதுகள்?

ரெக்கார்டு பிளேயர் செய்யும் தொழிலில் பணமும் மூளையும் சேர்ந்து கொட்டப்பட்ட காலம் அது. வீட்டில் உட்கார்ந்து நல்ல தரத்தில் பாட்டுக் கேட்க எல்.பி. என்ற பெரிய ரெக்கார்டுதான் வழி. கேசட் வளர்ந்துகொண்டிருந்தது, ஆனால் தரத்தில் கிட்டே வரவில்லை. சி.டி. 1982இல்தான் கடைக்கு வந்தது. அதனால் ஒவ்வொரு கம்பெனியும் தன் சிறந்த எஞ்சினியர்களை டர்ன்டேபிள் பக்கம் உட்கார வைத்திருந்தது.

1970இல் ஜப்பானின் மட்சுஷிதா, டெக்னிக்ஸ் என்ற பெயரில் எஸ்.பி. 10ஐ விற்பனைக்குக் கொண்டுவந்தது. மோட்டாரின் தண்டிலேயே தட்டு உட்கார்ந்து சுற்றும் முதல் டைரக்ட் டிரைவ் அதுதான். அதற்குப் பிறகு டெனான், சோனி, ஜே.வி.சி., பயனியர், கென்வுட் என்று எல்லாரும் களத்தில் இறங்கினார்கள். ஐரோப்பாவும் சும்மா இருக்கவில்லை. 1972 ஒரே ஆண்டில் தோரன்ஸ் டி.டி. 160 வந்தது, டென்மார்க்கின் பாங் அண்ட் ஒலுஃப்சன் பியோகிராம் 4000 வந்தது, ஜப்பானில் டெக்னிக்ஸ் எஸ்.எல். 1200 வந்தது. அதையொட்டியே ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் லின் சோண்டெக் எல்.பி. 12 பிறந்தது.

அந்தக் காலத்தில் நடுத்தர விலை பிளேயரிலேயே வார்ப்பு உலோகத் தட்டு, கடைந்தெடுத்த பேரிங், துல்லியமான ஆர்ம் எல்லாம் இருந்தன. லட்சக்கணக்கில் விற்றதால் அது கட்டுபடியானது. இன்று அதே கனத்தில் புதிதாக ஒன்றைச் செய்தால் விலை எங்கோ போய் நிற்கும். பழையதைத் தேடுவதற்கு எங்கள் கணக்கில் இதுதான் முதல் காரணம். பழைய நினைவு, மர அலமாரி அழகு எல்லாம் அதற்கு அப்புறம்.

பெல்ட், ஐட்லர், டைரக்ட் டிரைவ்: எது நல்லது?

மூன்றிலும் அருமையானவை உண்டு, மூன்றிலும் குப்பை உண்டு. எது எப்படி வேலை செய்கிறது, எது எங்கே பழுதாகும் என்பது தெரிந்தால் போதும்.

பெல்ட் டிரைவில் மோட்டார் ஒரு பக்கம், தட்டு ஒரு பக்கம், நடுவில் ஒரு ரப்பர் பெல்ட். மோட்டாரின் அதிர்வைப் பெல்ட் விழுங்கிவிடுவதால் பின்னணி அமைதியாக இருக்கும். தோரன்ஸ் டி.டி. 160இல் தட்டும் ஆர்மும் ஒரு தனிச் சட்டத்தில் உட்கார்ந்து மூன்று ஸ்பிரிங்குகளில் மிதக்கும். பக்கத்தில் யாராவது நடந்தாலும், ஸ்பீக்கர் உறுமினாலும் அது ஊசிக்கு எட்டாது. ஸ்பிரிங் சரியாக நிற்க வைக்கத் தெரிந்தவர் கை பட வேண்டும், அவ்வளவுதான். பெல்ட் தேய்பொருள். புதியது எளிதாகக் கிடைக்கும்.

ஐட்லரில் ரப்பர் விளிம்புள்ள சின்னச் சக்கரம் ஒன்று மோட்டார் தண்டுக்கும் தட்டுக்கும் இடையில் அழுந்தி நின்று சுற்றும். இழுவை பலம். சவுண்டு தொடங்கும்போது ஒரு தீர்மானம் தெரியும், மிருதங்கம், தவில் கேட்பவர்கள் உடனே கண்டுகொள்வார்கள். லெங்கோ எல் 75, டூயல் 1219, 1229, காரார்டு 401 எல்லாம் இந்த வகை. ஆனால் மோட்டாரின் அதிர்வும் அந்தச் சக்கரம் வழியாகவே ஊசிக்கு வரும். பேரிங்கில் எண்ணெய் வற்றியிருந்தாலோ, சக்கரத்தின் ரப்பர் இறுகியிருந்தாலோ அடியில் ஓர் உறுமல் கேட்டுக்கொண்டே இருக்கும். பிளேயர் வருடக்கணக்கில் ஓடாமல், சக்கரம் ஒரே இடத்தில் அழுந்திக் கிடந்திருந்தால் அந்த இடத்தில் பள்ளம் விழுந்துவிடும். அப்புறம் சுற்றுக்குச் சுற்று ‘டப் டப்’ என்று தட்டும்.

டைரக்ட் டிரைவில் மாற்ற ரப்பரே இல்லை. அன்றாடம் எந்தப் பராமரிப்பும் கேட்காமல் ஓடுவது இதுதான். ஆனால் வேகத்தைக் கட்டுப்படுத்துவது எலக்ட்ரானிக்ஸ். அதற்கென்றே செய்த ஐ.சி. சில்லு போய்விட்டால் இன்னொரு செத்த பிளேயரிலிருந்துதான் எடுத்துப் போட வேண்டும். டெக்னிக்ஸ் எஸ்.எல். 1200 மார்க் 2 போல உலகமெங்கும் விற்ற மாடலுக்குப் பாகம் கிடைக்கும். குறைவாக விற்ற மாடலில் அந்த உத்தரவாதம் இல்லை. அதனால் பெயர் தெரியாத டைரக்ட் டிரைவ் மாடல்களை நாங்கள் வாங்குவதில்லை.

முதல் பிளேயர் எதை வாங்கலாம் என்று கேட்டால், சினிமாப் பாட்டு இ.பி.யும் (சின்ன ரெக்கார்டு) எல்.பி.யும் மட்டும் கேட்பவருக்குப் பெல்ட் அல்லது டைரக்ட் டிரைவ், நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய ரெக்கார்டும் வைத்திருப்பவருக்கு ஐட்லர் என்று சொல்வோம்.

வழக்கமாக என்னென்ன மாடல்கள் இருக்கும்?

தோரன்ஸ் டி.டி. 160, டூயல் 1219 மற்றும் 1229, லெங்கோ எல் 75, பயனியர் பி.எல். 12டி, டெக்னிக்ஸ் எஸ்.எல். 1200 மார்க் 2. இவை அடிக்கடி வரும். காரார்டு 401 எப்போதாவதுதான். அது வெறும் மோட்டார் யூனிட்டாக விற்கப்பட்டது. மரப்பெட்டியும் ஆர்மும் தனியாகச் சேர்க்க வேண்டும் என்பதால் செலவு இரட்டிப்பாகும்.

பியோகிராம் 4000 வரிசையைப் பலர் கேட்கிறார்கள். யாக்கோப் யென்சென் வடிவமைத்தது. ஆர்ம் நேர்கோட்டில் நகரும். பார்க்க அத்தனை அழகு, மறுப்பதற்கில்லை. ஆனால் அதில் அந்தக் கம்பெனியின் சொந்த வகை கார்ட்ரிட்ஜ் (ஊசியின் அசைவை மின்சாரமாக்கும் பாகம்) மட்டுமே பொருந்தும். ஊசி தேய்ந்தால் வேறெதையும் மாட்ட முடியாது. உள்ளே சின்னச் சின்ன எலக்ட்ரானிக்ஸ் வேறு. அதற்குப் பொறுப்பெடுத்து விற்க எங்களால் முடியாது என்பதால் விற்பதில்லை.

நம் ஊர் கரண்டில் ஓடுமா?

அதிகம் பேர் கோட்டை விடும் இடம் இதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று வோல்ட்டேஜ். ஜப்பான் உள்நாட்டு மாடல் 100 வோல்ட், அமெரிக்க மாடல் 120. நம் 230இல் நேராகச் சொருகினால் புகைதான் வரும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் இது சரியாகிவிடும்.

இரண்டாவது ஃப்ரீக்வென்சி. டிரான்ஸ்ஃபார்மர் இதைச் சரிசெய்யாது. நமக்கும் ஐரோப்பாவுக்கும் 50 ஹெர்ட்ஸ், அமெரிக்காவுக்கு 60. ஜப்பானில் இன்னும் விசேஷம்: டோக்கியோ இருக்கும் கிழக்குப் பாதிக்கு 50, ஒசாகா இருக்கும் மேற்குப் பாதிக்கு 60. அந்தக் காலப் பெல்ட், ஐட்லர் பிளேயர்களில் பெரும்பாலும் சிங்க்ரனஸ் மோட்டார்தான். அது வோல்ட்டேஜைப் பார்த்துச் சுற்றாது, ஃப்ரீக்வென்சியைப் பார்த்துச் சுற்றும். 60 ஹெர்ட்ஸுக்கான புல்லி (மோட்டார் தண்டில் மாட்டும் சின்னச் சக்கரம்) போட்ட பிளேயரை இங்கே ஓட்டினால் நிமிடத்துக்கு 33⅓ சுற்று வர வேண்டிய இடத்தில் 27.8தான் வரும். ஐந்து கட்டையில் பாடியவர் மூன்று கட்டையில் பாடுவதுபோல் கேட்கும். மோட்டார் கெட்டுவிட்டது என்று நினைத்துக் கழற்றிப் போட்டவர்கள் உண்டு. மோட்டாரில் ஒரு குறையும் இல்லை. புல்லியை மாற்றினால் போதும். தோரன்ஸும் டூயலும் இரண்டு அளவிலும் புல்லி செய்தார்கள், இன்றும் தேடினால் கிடைக்கும்.

லெங்கோ எல் 75க்கு இந்தத் தொல்லையே கிடையாது. அதன் மோட்டார் தண்டு கூம்பு வடிவம். சக்கரத்தை அதன் மேல் முன்னும் பின்னும் நகர்த்தி 33 முதல் 78 வரை எந்த வேகத்தையும் பிடிக்கலாம். 60இலிருந்து 50க்கு வந்தால் நிறுத்தும் இடத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் வேலை முடிந்தது. டைரக்ட் டிரைவ் மாடல்களின் வேகமும் ஃப்ரீக்வென்சியைப் பொறுத்ததல்ல.

எங்களிடமிருந்து போகும் எல்லாம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸுக்கு மாற்றிச் சோதித்தவை.

வோல்ட்டேஜ் ஏறி இறங்கினால் பாட்டும் ஏறி இறங்குமா என்று சிலர் பயப்படுகிறார்கள். இறங்காது. ஃப்ரீக்வென்சிதான் கணக்கு, அதுவும் இப்போது 50ஐ ஒட்டியே நிற்கிறது. தொண்ணூறுகளில் தென்மாநிலங்களில் 48.5 அளவுக்கு இறங்குவது சாதாரணம். மூன்று சதவீதக் குறைவு. சுருதியில் கிட்டத்தட்ட அரை ஸ்வரஸ்தானம். அந்த நாட்களில் ஆர்மோனியத்தோடு சேர்த்து வைத்துப் பார்த்து, நம் ரெக்கார்டு கொஞ்சம் இறங்கிக் கேட்கிறதே என்று யோசித்தவர்களின் காது சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது.

இன்வர்ட்டரில் ஓட்டுவதானால் சைன் வேவ் இன்வர்ட்டராக இருக்கட்டும். ஸ்கொயர் வேவ் வகையில் மோட்டார் ரீங்காரம் போடும்.

தட்டின் ஓரத்தில் இருக்கும் புள்ளிகள் எதற்கு?

வேகம் பார்க்க. 50 ஹெர்ட்ஸ் கரண்டில் எரியும் நியான் விளக்கு நொடிக்கு 100 முறை மினுக்கும். 33⅓ வேகத்துக்கு 180 புள்ளிகள் இருந்தால், சரியான வேகத்தில் புள்ளிகள் அசையாமல் நிற்பதுபோல் தெரியும். 60 ஹெர்ட்ஸுக்கு 216. இரண்டு ஊருக்கும் விற்ற மாடல்களில் இரண்டு வரிசையும் இருக்கும், எது நமக்கானது என்று குறித்துக் கொடுப்போம். வீட்டு எல்.இ.டி. பல்பு வெளிச்சத்தில் புள்ளிகளைப் பார்த்து வேகம் தப்பு என்று முடிவு கட்டாதீர்கள். பல எல்.இ.டி. பல்புகள் அந்தக் கணக்கில் மினுக்குவதில்லை.

சர்வீஸ் என்றால் என்ன செய்கிறீர்கள்?

முழுக்கப் பிரிப்போம். முதலில் தட்டின் பேரிங். பழைய எண்ணெயை வடித்து, குழியையும் தண்டையும் துடைத்து, தண்டில் கோடு விழுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்போம். தோரன்ஸில் ஓர் அழகான சோதனை உண்டு. புது எண்ணெய் விட்டு, உள்தட்டைக் குழிக்கு மேல் பிடித்துக் கையை விட்டால் அது ‘டக்’ என்று விழக்கூடாது. உள்ளே அடைபட்ட காற்றின் மேல் உட்கார்ந்தபடி மெல்ல, மிக மெல்ல இறங்க வேண்டும். அப்படி இறங்கினால் தண்டும் குழியும் ஐம்பது வருடத்துக்குப் பிறகும் தேயாமல் இருக்கின்றன என்று அர்த்தம். சட்டென்று விழுந்தால் தேய்மானம். அந்தப் பிளேயரைப் பாகங்களுக்காக ஒதுக்கிவிடுவோம், விற்க மாட்டோம்.

அடுத்தது ஆர்ம். ஆர்ம் உள்பக்கம் இழுபடுவதைச் சமன்செய்யும் ஆன்டி ஸ்கேட்டிங்கைப் பூஜ்யத்தில் வைத்து, பின்னாலுள்ள எடையைத் திருகி ஆர்மை அந்தரத்தில் மிதக்க விடுவோம். அந்த நிலையில் கார்ட்ரிட்ஜ் மாட்டும் முனையான ஹெட்ஷெல் மேல் நகத்தளவு காகிதத் துண்டு வைத்தால் ஆர்ம் இறங்க வேண்டும், எடுத்தால் ஏற வேண்டும். ஊதினால் தங்கு தடையில்லாமல் பக்கவாட்டில் நகர வேண்டும். எங்காவது ஒரு புள்ளியில் தயங்கினால் அந்த பேரிங் அடிபட்டிருக்கிறது. ஊசி ஒன்றரை, இரண்டு கிராம் எடையில் நடக்கும்போது அந்தச் சின்னத் தயக்கம்கூடப் பள்ளத்தின் ஒரு சுவரைத் தேய்த்துவிடும்.

பிறகு ஒவ்வொரு மாடலுக்கும் அதற்கென்று இருக்கும் வியாதி. லெங்கோ எல் 75இன் ஆர்ம் இரண்டு சின்ன ரப்பர் கட்டைகளில் கத்தி முனைபோல உட்கார்ந்திருக்கும். எழுபதுகளின் கட்டைகள் இன்று கையில் எடுத்தால் பொடியாகும், ஆர்ம் ஆடும். எல்லா எல் 75க்கும் புதியதுதான் போடுகிறோம். டூயல் ஆட்டோமேட்டிக் மாடல்களில் மிளகளவு ஒரு ரப்பர் முனை இருக்கிறது. ஜெர்மனியில் ‘ஸ்டாய்யர்பிம்பல்’ என்பார்கள். அது கரைந்துவிட்டால் ஆர்ம் தன்பாட்டுக்கு எழுந்து போய் ரெக்கார்டில் இறங்காது. கூடவே ஆட்டோமேட்டிக் பொறியின் கிரீஸ் காய்ந்து பசையாக இறுகியிருக்கும். பல வீடுகளில் ‘ஆட்டோ வேலை செய்யவில்லை’ என்று ஓரம் கட்டிய டூயல்கள், இந்த முனையும் புது கிரீஸும் கிடைத்தால் எழுந்து நடக்கும். டெக்னிக்ஸில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிட்ச் கன்ட்ரோல் தூசியடைந்து வேகம் தாவும், சுத்தம் செய்தால் நிற்கும்.

எல்லாவற்றிலும் சுவிட்சில் தீப்பொறி அடக்கும் கெப்பாசிட்டரை மாற்றுகிறோம். வயதான கெப்பாசிட்டர் ஒருநாள் வெடித்துப் புகையும், நாற்றம் வீட்டை விட்டுப் போகச் சில நாளாகும்.

கடைசியாகக் காது. தம்புரா நீளமாக ஒலிக்கும் கச்சேரி எல்.பி. ஒன்றை ஓட்டுவோம். வேகத்தில் இம்மி ஆட்டம் இருந்தாலும் தம்புராவின் சுருதி அலையும். மீட்டரில் எண் நன்றாக வந்தும் தம்புரா அலைந்தால் பிளேயர் மறுபடி மேசைக்குப் போகும்.

எல்லாம் ஒரிஜினல் பாகங்களா?

இல்லை, இருக்கவும் கூடாது. ரப்பர், எண்ணெய், கெப்பாசிட்டர், ஊசி ஆகியவை மாற்றவேண்டியவை. மோட்டார், தட்டு, பேரிங், ஆர்ம் ஆகியவை ஒரிஜினலாக இருக்க வேண்டும். எது மாற்றியது என்று பில்லிலேயே எழுதிக் கொடுப்போம். மூடி பெரும்பாலும் பழையதுதான். கீறலைப் பாலிஷ் போட்டுக் குறைப்போம், கீல் ஓரத்து விரிசலை மறைக்க மாட்டோம், படத்தில் காட்டிவிடுவோம்.

ஊசி, கார்ட்ரிட்ஜ் கூடவே வருமா? பிறகு கிடைக்குமா?

பழைய ஊசியோடு ஒருபோதும் விற்பதில்லை. அது எத்தனை மணி நேரம் ஓடியது என்று யாருக்கும் தெரியாது. தேய்ந்த வைரம் ரெக்கார்டின் பள்ளத்தைச் செதுக்கிவிடும். போன பள்ளம் திரும்ப வராது.

அன்றைய கார்ட்ரிட்ஜ்களில் ஷ்யூர் வி 15, எம் 75 போன்றவை அடிக்கடி வரும். ஷ்யூர் 2018இல் கார்ட்ரிட்ஜ் தயாரிப்பை நிறுத்திவிட்டது. ஆனால் ஜப்பானின் ஜிகோ அவற்றுக்கு மாற்று ஊசி செய்கிறது, தரமும் நன்று. அது வேண்டாமென்றால் ஓர்ட்டோஃபோன், ஆடியோ டெக்னிக்கா புது கார்ட்ரிட்ஜ் மாட்டித் தருவோம். திருகு துளைகளுக்கு இடையே அரை அங்குலம் என்பது பொது அளவு என்பதால் பெரும்பாலானவற்றில் பொருந்தும். பயனியர், டெக்னிக்ஸ் மாடல்களில் ஹெட்ஷெல்லைத் திருகிக் கழற்றி வேறு மாட்டலாம். டூயலில் கார்ட்ரிட்ஜ் உட்கார அதற்கென்று ஒரு பிளாஸ்டிக் தாங்கி உண்டு. வேறெங்காவது டூயல் வாங்கினால் அந்தத் தாங்கி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள், தனியாகத் தேடினால் அலைச்சல்.

நல்ல வைர ஊசி பொதுவாக 500 முதல் 1000 மணி நேரம் வரும். ரெக்கார்டு சுத்தமாக இருந்தால் அந்த மேல் எண்ணை எட்டும்.

தாத்தா காலத்து 78 ரெக்கார்டுகள் இருக்கின்றன. இதில் போடலாமா?

வேகமும் வேண்டும், ஊசியும் வேண்டும். இந்தியாவில் 78 அறுபதுகள் வரை வந்துகொண்டிருந்ததால் நம் வீடுகளில் அது நிறையவே இருக்கிறது. டூயல் 1219, 1229, லெங்கோ எல் 75 ஆகியவற்றில் 78 உண்டு. தோரன்ஸ் டி.டி. 160, பயனியர் பி.எல். 12டி, எஸ்.எல். 1200 மார்க் 2 ஆகியவற்றில் 33, 45 மட்டும்தான்.

78இன் பள்ளம் அகலம். அதற்கான ஊசி முனை சுமார் 75 மைக்ரான், எல்.பி. ஊசி சுமார் 18. எல்.பி. ஊசியை 78இல் வைத்தால் அது பள்ளத்தின் அடியில் கிடக்கும் அழுக்கில் உரசிக்கொண்டு போகும், இரைச்சல்தான் கேட்கும். 78க்கென்று தனி ஊசியோ, தனி கார்ட்ரிட்ஜோ வைத்துக்கொள்ளுங்கள். கேட்டால் சேர்த்தே தருவோம்.

வீட்டில் பழைய ஹெச்.எம்.வி. ஃபியஸ்டா இருக்கிறது. அதையே சரிசெய்து ஓட்டினால் போதாதா?

ஓட்டலாம், ஆனால் மதிப்புள்ள ரெக்கார்டுகளை அதில் ஓட்டாதீர்கள். அந்த வகைப் பெட்டி பிளேயர்களில் செராமிக் கார்ட்ரிட்ஜ். பல கிராம் எடையில் அழுத்தினால்தான் ஓடும். எண்பதுகளின் எக்கோ, இன்ரெகோ கம்பெனி எல்.பி.கள் இப்போது நல்ல நிலையில் கிடைப்பதே அபூர்வம். அவற்றின் மேல் அந்தப் பாரத்தை இறக்குவது எங்களுக்கு மனம் ஒப்பாத விஷயம். இன்று புதிதாக விற்கும் சூட்கேஸ் பிளேயர்கள் பலவற்றிலும் இதே கதைதான். ஃபியஸ்டாவை அதன் அழகுக்காகவும் குடும்பத்து நினைவுக்காகவும் வைத்திருங்கள், கீறல் விழுந்த இ.பி.யை அதில் போட்டுக் கேளுங்கள்.

என் ஆம்பில் ‘போனோ’ என்ற இடமே இல்லை. என்ன செய்வது?

போனோ ப்ரீ ஆம்ப் என்ற சின்னப் பெட்டி ஒன்று வாங்கி நடுவில் வைக்க வேண்டும். கார்ட்ரிட்ஜிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தான். தவிர, ரெக்கார்டு வெட்டும்போது கீழ் சுரங்களைக் குறைத்து மேல் சுரங்களைக் கூட்டியே வெட்டுகிறார்கள். ஐம்பதுகளிலிருந்து ஆர்.ஐ.ஏ.ஏ. என்ற ஒரே கணக்கு. அதைத் திருப்பி நேராக்குவதும் இந்தப் பெட்டியின் வேலை. நேரடியாக ஆக்ஸில் சொருகினால் கொசு பாடுவதுபோல மெலிதாகக் கேட்கும், பிளேயர் பழுதில்லை. எழுபதுகளின் ஆம்ப், ரிசீவர் வைத்திருப்பவர்களுக்குப் போனோ உள்ளேயே இருக்கும்.

உம் என்று ஹம் வருகிறது.

பத்தில் ஒன்பது முறை கிரவுண்டு ஒயர். பிளேயரிலிருந்து வரும் மெல்லிய தனி ஒயரை ஆம்பின் பின்னாலுள்ள திருகில் மாட்டுங்கள். மாட்டியும் வந்தால் வீட்டு பிளக்கில் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் பாருங்கள். ஜெர்மன் மாடல்களில் ஐந்து முள் டின் (DIN) பிளக் இருந்திருக்கும். அதை வெட்டி வேறு பிளக் போட்டவர் கிரவுண்டு ஒயரை விட்டிருந்தாலும் ஹம் வரும். நாங்கள் மாற்றும்போது அந்த ஒயரைத் தனியாக வெளியே எடுத்துத் தருகிறோம்.

இந்த விலைக்குப் புதியதே வாங்கலாமே?

வாங்கலாம். பெட்டியைப் பிரித்து மாட்டி உடனே கேட்க வேண்டும், ஊசி எடை, ஆன்டி ஸ்கேட்டிங் என்று கையை வைக்க விருப்பமில்லை, புளூடூத் வேண்டும் என்பவர்களுக்குப் புதியதுதான் சரி. அவர்களிடம் நாங்களே அப்படித்தான் சொல்கிறோம். பழையதை வைத்திருப்பவர் வருடத்துக்கு ஒருமுறையாவது துடைத்து, எண்ணெய் பார்க்க வேண்டும். அந்த வேலையில் சுகம் காண்பவருக்கு, அதே பணத்தில் கிடைக்கும் புதியதைவிடக் கனமான தட்டும் நல்ல பேரிங்கும் கிடைக்கும். எஸ்.எல். 1200 வகையை 2010இல் நிறுத்தி, 2016இல் டெக்னிக்ஸே மறுபடி கொண்டுவந்தது. லின் எல்.பி. 12 இன்றும் தயாராகிறது. அன்று போட்ட வரைபடம் எவ்வளவு திடமானது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

விலை எப்படி முடிவாகிறது?

பெயர் பாதி, நிலைமை பாதி. பயனியர் பி.எல். 12டி மாதிரி எண்ணற்றவை விற்ற மாடல் கையைக் கடிக்காது. டூயலும் லெங்கோவும் தோரன்ஸும் அடுத்த படி. எஸ்.எல். 1200க்கு டி.ஜே.க்களும் போட்டி போடுவதால் விலை இறங்குவதே இல்லை. காரார்டு 401 எல்லாவற்றுக்கும் மேலே. எங்கள் உறுதியான கருத்து: சர்வீஸ் ஆகாத பெரிய பெயரைவிடச் சர்வீஸ் ஆன பயனியர் மேல். காதுக்கும் ரெக்கார்டுக்கும் அதுதான் நல்லது.

வேறு ஒருவரிடம் வாங்கப் போகிறேன். எதைப் பார்க்க வேண்டும்?

‘ஓடுகிறது’ என்பதற்கு ‘தட்டு சுற்றுகிறது’ என்பது மட்டும் பொருளல்ல. ஒரு பாட்டு முழுவதும் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஆர்மை மெல்லப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், லொடலொட என்று ஆட்டம் இருக்கக்கூடாது. தட்டைக் கையால் சுற்றிவிட்டு, பெட்டியில் காதை வையுங்கள், கரகரப்பு இருக்கக்கூடாது. பின்பக்கத் தகட்டில் எழுதியிருக்கும் வோல்ட்டேஜையும் ஹெர்ட்ஸையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பின் எடை இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அது தொலைந்த பிளேயர்கள் ஏராளம், அதே எடை தனியாகக் கிடைக்காது. கடற்கரையோர வீட்டில் இருந்தது என்றால் தட்டைத் தூக்கித் தண்டில் துரு இருக்கிறதா என்றும் பாருங்கள். உப்புக்காற்று முதலில் கை வைப்பது அங்கேதான். மூடியின் கீறல், மரத்தின் மங்கல் எல்லாம் விலை பேசத்தான் உதவும், வேண்டாம் என்று ஒதுக்கக் காரணமல்ல.

வெளியூருக்கு அனுப்புவீர்களா?

அனுப்புவோம், ஆனால் நேரில் வந்து எடுத்துப் போவதையே விரும்புகிறோம். மதுரையிலிருந்தோ கோவையிலிருந்தோ வருபவர்கள் ரயிலில் கையோடு கொண்டுபோய்விடுகிறார்கள். பார்சலில் பிளேயரைக் கெடுப்பது அதன் தட்டுதான். மூன்று, நான்கு கிலோ உலோகம் தண்டின் மேலேயே உட்கார்ந்து வழி முழுக்கக் குதித்தால், எத்தனை நாள் செய்த சர்வீஸும் வீண். அதனால் தட்டைத் தனியாக எடுத்துச் சுற்றி வைப்போம். பின் எடை, ஹெட்ஷெல் தனி. ஆர்மைக் கட்டிவிடுவோம். மிதக்கும் சட்டம் உள்ள மாடலில், வழியில் சட்டம் ஆடாமல் பிடிக்கும் டிரான்சிட் ஸ்க்ரூவை இறுக்குவோம். இதையெல்லாம் ஒரு பெட்டியிலும், அந்தப் பெட்டியை இன்னொரு பெரிய பெட்டியிலும் வைப்போம். வந்து சேர்ந்ததும் டிரான்சிட் ஸ்க்ரூவைத் தளர்த்த மறந்துவிடாதீர்கள். இறுக்கியபடியே ஓட்டிவிட்டு ‘மந்தமாகக் கேட்கிறது’ என்று போன் செய்பவர்கள் இருக்கிறார்கள். பெட்டிகளையும் தூக்கிப் போடாதீர்கள், வீடு மாறும்போது வேண்டும்.

என் பழைய பிளேயரை எடுத்துக்கொள்வீர்களா?

மேலே சொன்ன மாடல்களாக இருந்தால், ஓடாவிட்டாலும் எடுத்துக்கொள்வோம். எதையும் கழற்றாமல் அப்படியே கொண்டுவாருங்கள்.

வாங்குமுன் கேட்டுப் பார்க்கலாமா?

கட்டாயம். முன்கூட்டிச் சொல்லிவிட்டு வாருங்கள், வரும்போது உங்கள் ரெக்கார்டுகளில் இரண்டு மூன்றைக் கொண்டுவாருங்கள். உங்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்த பாட்டு ஒன்று, வீணையோ நாதஸ்வரமோ நீளமாக இழுக்கும் இடமுள்ளது ஒன்று. எங்கள் ரெக்கார்டில் எல்லாமே நன்றாகத்தான் கேட்கும், உங்களுடையதில் கேட்டால்தான் வித்தியாசம் பிடிபடும். ஒரே கார்ட்ரிட்ஜை இரண்டு பிளேயரில் மாற்றி மாற்றி மாட்டிக் கேட்கவும் ஏற்பாடு செய்வோம், அதற்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்கிக்கொண்டு வாருங்கள்.